கத்திரி வெயிலில் இட்லி மாவு: வேலூர் வாசகர் கேள்விகளும் பதில்களும்

சத்துவாச்சாரி: ராத்திரி ஒன்பது மணிக்கு ஆட்டி வெச்ச மாவு, விடியறதுக்குள்ள பொங்கி வழிஞ்சு அமுங்கிடுது. நாக்குல வெச்சா கூசுற புளிப்பு, இட்லியோ தட்டை. நேரத்தைக் குறைச்சா பொங்கவே மாட்டேங்குது. எத்தனை மணி நேரம் வைக்கணும்?

மணிக்கணக்கைக் கொஞ்சம் மறந்துவிட்டு மாவின் சூட்டைப் பாருங்கள். மாவு பொங்குவது ஒரு வேலை, புளிப்பது இன்னொரு வேலை. உளுந்தோடு வரும் லியூகோநாஸ்டாக் என்ற நுண்ணுயிர்தான் கரியமில வாயுவை விட்டு மாவைப் பொங்க வைப்பதில் முக்கியமானது. அதற்கு 25 முதல் 30 டிகிரி வரை சுகம். சூடு 33, 34 என்று ஏறினால் லாக்டோபேசில்லஸ், பீடியோகாக்கஸ் போன்ற புளிப்புக்காரர்கள் முந்திக்கொள்வார்கள். அதனால்தான் உங்கள் மாவு சரியாகப் பொங்குவதற்கு முன்பே புளிக்கிறது. பொங்கினதையும் உளுந்தின் பசை தாங்க முடியாமல் குமிழ் உடைந்து அமுங்குகிறது.

ஆக, கலக்கி முடிக்கும்போது மாவு 26 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, அது இவ்வளவு குறைந்த சூட்டைக் காட்டாது. கம்பி நீட்டிய சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, மாவின் நடுவே குத்திப் பாருங்கள்.

வேலூரில் சூடு முதலில் வருவது குழாய் வழியாக. மொட்டை மாடித் தொட்டியில் கிடந்த தண்ணீர் மே மாத மதியம் மூன்று மணிக்குக் கையைச் சுடும். அதில் ஊறப் போட்ட உளுந்து, ஆட்டுவதற்கு முன்பே புளிக்கத் தொடங்கிவிடும். ஊறின தண்ணீரில் நுரையும் ஒரு வாடையும் இருந்தால் அதுதான் அடையாளம், அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். காலையில் பிடித்து வைத்த தண்ணீரிலோ பானைத் தண்ணீரிலோ ஊறப் போட்டு, உளுந்துப் பாத்திரத்தை ஃபிரிட்ஜுக்குள் வையுங்கள். ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம், வெளியே என்றால் ஒன்றரை மணி நேரம் போதும். ஃபிரிட்ஜில் ஊறிய தண்ணீர் நல்ல தண்ணீர், ஆட்டும்போது அதையே தெளிக்கலாம்.

அடுத்தது கிரைண்டர். அரை மணி நேரம் கல் சுற்றினால் உராய்வில் மாவு வெதுவெதுப்பாகிவிடும், மிக்ஸியில் இன்னும் மோசம். ஒரு கிலோ இட்லி அரிசி, 250 கிராம் முழு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்று வைத்துக்கொண்டால் மொத்த மாவு சுமார் மூன்று கிலோ வரும். உளுந்துக்குத் தெளிக்கும் அரை லிட்டர் தண்ணீரில் 150 மி.லி.-யைக் குறைத்து, அந்த எடைக்கு ஐஸ் கட்டி போடுங்கள். ஒரேயடியாகக் கொட்டாமல், உளுந்து பாதி மசிந்த பிறகு நாலைந்து கட்டியாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். 150 கிராம் ஐஸ் உருகினால் மூன்று கிலோ மாவில் ஏறக்குறைய ஆறேழு டிகிரி இறங்கும். மிக்ஸி என்றால் அரை நிமிடம் ஓட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள்.

28 டிகிரியில் தொடங்கி அதை ஒட்டியே நிற்கும் மாவுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். 35-ல் நின்றால் ஐந்தாறு மணி நேரத்திலேயே முடிந்துவிடும். நீங்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது முடிந்துபோவதுதான் சிக்கல்.

ஆற்காடு: மண்பானையில மாவை ஊத்தி வெச்சா குளுகுளுன்னு இருக்குமே? எங்க பாட்டி அப்படித்தான் செய்வாங்க.

பானை குளிர்விப்பது உண்மை. ஆனால் மாவை நேராக ஊற்றாதீர்கள். புளிப்பு மண்ணின் துளைகளுக்குள் இறங்கிவிடும், எவ்வளவு கழுவினாலும் போகாது, அடுத்த முறை ஊற்றும் மாவைப் பழைய புளிப்பு பிடித்துக்கொள்ளும். மாவை எவர்சில்வர் குண்டானில் ஊற்றி, அந்தக் குண்டானை அகலமான பானைக்குள் வைத்து, இடைவெளியில் ஈர மணலை நிரப்புங்கள்.

அதைவிட எளிது, ஈரத்துணி. அகலத் தட்டிலோ பேசினிலோ நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, குண்டானை அதில் வையுங்கள். பழைய வேட்டியைக் கிழித்து நனைத்து, குண்டானைச் சுற்றி ஒட்டினாற்போல் கட்டி, துணியின் ஓரம் தண்ணீரில் தோய்ந்திருக்கும்படி விடுங்கள். துணி தானாகவே தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொள்ளும். பாலியஸ்டர் துணி இப்படி ஏற்றாது, பருத்தி வேண்டும். எதிரே மேசை மின்விசிறி, மெதுவான வேகத்தில். துணியிலிருந்து 100 மி.லி. தண்ணீர் ஆவியானால் சுமார் 58 கிலோ கலோரி சூட்டைக் கொண்டுபோகும். கணக்குப்படி அது ஐந்தே முக்கால் லிட்டர் தண்ணீரைப் பத்து டிகிரி இறக்கும் அளவு. வெளிக்காற்றிலிருந்து சூடு உள்ளே வந்துகொண்டே இருப்பதால் முழுதும் கிடைக்காது. ஆனாலும் ராத்திரி அறை 31-ல் இருக்கும்போது மாவை 27, 28-ல் நிறுத்த இது போதும்.

மூடிய அலமாரிக்குள் வைத்தால் பலனே இல்லை, காற்று ஓட வேண்டும். மூடியின் மேல் துணி போடும்போது நுனி மாவுக்குள் தொங்காமல் பாருங்கள், இல்லாவிட்டால் பேசின் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மாவில் இறங்கும். ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது இந்த வித்தை பலிக்காது. அப்போது தேவையும் இருக்காது.

காட்பாடி: மேல் மாடி வீடு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சுவர் கொதிக்குது. ஈரத்துணி போட்டும் 32-க்குக் கீழே இறங்கலை.

கான்கிரீட் கூரை பகலில் குடித்த வெயிலை விடிய விடியக் கக்கும். உங்களுக்குத் தொட்டி முறைதான் சரி. குண்டான் அமரும்படியான பிளாஸ்டிக் டப்பில் ஐந்து லிட்டர் தண்ணீர் ஊற்றி, அரை லிட்டர் பாட்டிலில் உறைய வைத்த ஐஸை அதில் மிதக்க விடுங்கள். பாட்டிலில் முக்கால் பாகம்தான் நிரப்ப வேண்டும், உறையும்போது தண்ணீர் விரியும். முக்கால் பாட்டில் ஐஸ் முழுதாக உருகினால் மூன்று கிலோ மாவும் தொட்டித் தண்ணீரும் சேர்ந்து ஐந்து டிகிரி அளவுக்கு இறங்கும். தூங்கப் போகும்போது ஒன்று, இடையில் எழுந்தால் இன்னொன்று. ஒரே நேரத்தில் மூன்று பாட்டில் போட்டு 20-க்குக் கீழே இறக்கிவிட்டால் மாவு காலையில் பொங்கியிருக்காது.

டப் தரையில் இருக்கட்டும். ஃபிரிட்ஜின் தலையில் வைப்பவர்கள் பலர். அதன் பின்னாலிருந்து வரும் வெப்பமே மாவைக் கெடுத்துவிடும்.

பள்ளிகொண்டா: உப்பு முன்னாடியா, பின்னாடியா?

வெயில் காலத்தில், மாவைப் பொங்க வைப்பதற்கு முன்னாடி. மேலே சொன்ன அளவுக்கு 30 கிராம் கல் உப்பு. உப்பு நொதித்தலை நிதானப்படுத்தும், குளிர்ச்சிக்கு மாற்றாகாது. புளிப்பை அடக்க இன்னொரு பிடி போடுவோம் என்று நினைத்தால் இட்லி கரிக்கத்தான் செய்யும்.

மேல்விஷாரம்: கையால கலக்கணும்னு சொல்றாங்க, கரண்டி போதாதா?

போதும். தேவையான நுண்ணுயிர் உளுந்திலேயே இருக்கிறது. உளுந்தும் அரிசியும் திட்டுத் திட்டாக நிற்காமல் கலந்தால் சரி.

குடியாத்தம்: டிபன் கடை. ஒரே அண்டாவுல இருபது கிலோ மாவு. காலை இட்லி நல்லா வருது, பதினொரு மணிக்கு மேல தோசை புளிக்குது.

பெரிய அண்டாவின் நடுப்பகுதிக்கு வெளிக்குளிர்ச்சி எட்டவே எட்டாது. கிரைண்டரில் ஏறிய சூடு அப்படியே அடைந்து கிடக்கும். உங்கள் அளவுக்கு ஆட்டும்போதே ஒரு கிலோ ஐஸ் போகட்டும், அதே அளவு தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள். குடிக்கத்தக்க தண்ணீரில் செய்த ஐஸாக இருக்க வேண்டும், மீன் பெட்டிக்குப் போடும் பார் ஐஸ் கூடவே கூடாது. பிறகு ஐந்து கிலோ வீதம் நாலு குண்டானாகப் பிரியுங்கள். பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். மாவு இரட்டிப்பானதும் காலைக்கு ஒன்றை வெளியே வைத்து, மற்ற மூன்றையும் உடனே ஃபிரிட்ஜில் ஏற்றுங்கள்.

புளித்துப்போன மாவில் சமையல் சோடா கொட்டுவதை விட்டுவிடுங்கள். புளிப்பு குறையும், கூடவே சோப்பு வாடை வரும், தோசை செம்பழுப்பாகக் கறுக்கும். அன்று ஆட்டிய பச்சை மாவை மூன்றில் ஒரு பங்கு கலந்து ஊத்தப்பமோ பணியாரமோ போடுவது நேர்மையான வழி.

வாணியம்பாடி: ஃபிரிட்ஜுல வெச்சும் மறுநாள் புளிக்குது. கரண்ட் வேற அடிக்கடி போகுது.

பொங்கிய மாவு மூன்று கிலோ ஒரே பாத்திரத்தில் போனால், அதன் நடுப்பகுதி குளிர மணிக்கணக்கில் ஆகும். நுரை கம்பளி போர்த்தியது போலச் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். அதுவரை புளித்துக்கொண்டேதான் இருக்கும். முழுதாகப் பொங்குவதற்குச் சற்று முன்பே எடுத்து, ஒரு கிலோ டப்பாக்களாகப் பிரித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் வையுங்கள். உறைந்த பாட்டில் இரண்டை எப்போதும் மேல் தட்டில் வைத்திருங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள்.

ஆரணி: தயிர் மூணு மணி நேரத்துல தண்ணி விட்டுப் பிரியுது.

உறை அதிகம், பால் சூடு அதிகம். அரை லிட்டர் பாலுக்குக் கால் தேக்கரண்டி உறை போதும். பால் விரலுக்கு வெதுவெதுப்பாகக்கூடத் தெரியக் கூடாது, நன்றாக ஆற வேண்டும். பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, சாய்த்தால் அசையாத நிலை வந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள்.

காவேரிப்பாக்கம்: பழைய சோத்துக்குத் தண்ணி ஊத்தி வெச்சா காலைல கொழகொழன்னு நூல் விடுது. சூடு பண்ணிச் சாப்பிடலாமா?

வேண்டாம், கொட்டிவிடுங்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்து உலை கொதித்தாலும் சாகாது. சோறு இந்த வெயிலில் வெறுமனே கிடந்தால் அது முளைத்துப் பெருகும். அது விடும் நஞ்சுகளில் வாந்தி எடுக்க வைப்பது மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. கெட்ட சோறு எல்லாம் நூல் விடும் என்பதும் இல்லை, அதனால் தொடக்கத்திலேயே கவனம் வேண்டும்.

மதியம் வடித்த சோற்றைச் சாயங்காலம் வரை பாத்திரத்தில் விட்டு, ராத்திரி தண்ணீர் ஊற்றுவதில்தான் தப்பு நடக்கிறது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வடித்ததில் மிஞ்சியதை எடுங்கள். அகலத் தட்டில் பரப்பி ஆற்றி, வடித்த ஒரு மணி நேரத்துக்குள், கொதித்து ஆறிய தண்ணீரைச் சோற்றுக்கு மேல் இரண்டு விரல் நிற்கும்படி ஊற்றி, ஈரத்துணி சுற்றி வையுங்கள். காலை ஏழு மணிக்குள் சாப்பிட வேண்டும், சாயங்காலத்துக்கு மிச்சம் வைக்காதீர்கள். மண்சட்டி என்றால் தினமும் கொதிநீர் ஊற்றித் தேய்த்து, கவிழ்த்து, ஒரு பகல் முழுக்க வெயிலில் காய வைத்த பிறகே அடுத்த சோறு. இதற்காக இரண்டு சட்டி வைத்துக்கொண்டு, நாள் மாற்றிப் பயன்படுத்துங்கள்.