செட்டிநாட்டுச் செம்மண்ணில் எடெல்வைஸ் வருமா?

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் மல்லிகை போட்டிருக்கிறேன். சுவிட்சர்லாந்தில் இருக்கும் உறவினர் எடெல்வைஸ் விதை அனுப்புவதாகச் சொல்கிறார். 5 சென்ட்டில் வளர்த்து, இங்குள்ள பழைய வீட்டு விடுதிகளுக்குத் தொட்டிச் செடியாகக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், 5 சென்ட்டும் வீணாகிவிடும். ஆல்ப்ஸ் மலையில் ஏறத்தாழ 1,800 முதல் 3,000 மீட்டர் உயரத்தில், சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் ஒரு சாண் அளவுக்கு வளரும் செடி இது. வெள்ளை இதழ்போல் தெரிவது இதழ் அல்ல, ரோமம் மூடிய பூவடி இலைகள். உண்மையான பூக்கள் நடுவில் சின்ன மஞ்சள் குமிழ்களாக இருக்கும்.

பகல் வெயிலைவிட நம் இரவுப் புழுக்கம்தான் இதற்கு எமன். மலையில் கோடையிலும் இரவு குளிர்ந்துவிடுவதால், பகலில் சேர்த்த மாவுச்சத்து மிஞ்சும். சித்திரை, வைகாசியில் இங்கே இரவிலும் வெக்கை தணியாது. சேர்த்ததெல்லாம் சுவாசத்திலேயே தீர்ந்து செடி மெலியும். தப்பிப் பிழைத்தாலும் ஐப்பசி மழையில் ரோமத்துக்குள் ஈரம் தங்கி, அடியிலைகள் பழுப்பாகிக் குழையும். லேசாக இழுத்தாலே கழுத்தோடு கையில் வந்துவிடும். தவிர, இது பொதுவாக இரண்டாம் ஆண்டில், நல்ல குளிர்காலம் ஒன்றைக் கடந்த பிறகே பூக்கும். நம் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது.

ஆசைக்கு இரண்டு தொட்டி வைக்கலாம். கழுவிய ஆற்றுமணல் 2 பங்கு, சிறு சரளை 2 பங்கு, செம்மண் 1 பங்கு, ஒரு கைப்பிடி கிளிஞ்சல் நொறுங்கல். எம்-சாண்டின் தூள் வடிகாலை அடைக்கும், சேர்க்காதீர்கள். விதை பொடிசு, மேலே தூவி அழுத்தினால் போதும், மூடினால் வெளிச்சம் கிடைக்காமல் முளைக்காது. ஈரமான தொட்டியைப் பாலித்தீன் பையால் மூடி 4 வாரம் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். பிறகு 15 முதல் 20 டிகிரியில், வெளிச்சமான ஏசி அறையில் முளைக்க விடலாம். தண்ணீரைத் தட்டில் ஊற்றி அடியிலிருந்து ஏறவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். யூரியா கூடாது, தண்டு நீண்டு வெண்மை போய்விடும். வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் தேவை. இரண்டும் இல்லாமல் தபாலில் வாங்காதீர்கள்.

விடுதிகளுக்குத் தர உங்கள் மண்ணிலேயே ஒரு செடி இருக்கிறது: விஷ்ணுகிரந்தி. தரையோடு படரும், இலையில் பட்டு ரோமம், பூ நல்ல நீலம். காலையில் விரிந்து வெயில் ஏறினால் சுருங்கும். இதை விடுதிக்காரர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். விதைத்தோல் கெட்டி என்பதால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, இரவு ஊறவைத்து, ஐப்பசி முதல் மழையோடு அரையடி இடைவெளியில் ஊன்றலாம். எரு குறைவாகவே போதும். பிடுங்கி நடுவதானால் தாய்மண்ணோடு ஆழத் தோண்டுங்கள், வேர் அறுந்தால் பிழைக்காது.