அம்மாவுக்கு வந்த மறதி நோய் எனக்கும் வருமா?

இரண்டு பக்கக் கடிதத்தில் விஷயம் கடைசி வரியில்தான் இருக்கிறது: ‘அம்மாவைப் போல நானும் ஆகிவிடுவேனோ?’ உங்கள் அம்மாவுக்கு 78 வயதில் வந்திருக்கிறது. அந்த வயதில் தொடங்கும் மறதி நோய் பெரும்பாலும் பிள்ளைகளுக்கு அப்படியே இறங்கி வருவதில்லை. வாய்ப்பு ஓரளவு கூடும், அவ்வளவுதான்.

பெயர் நாக்கு நுனியில் நிற்பது, கண்ணாடியைத் தேடுவது, எதற்கு இந்த அறைக்கு வந்தோம் என்று யோசிப்பது எல்லாம் உங்கள் 64 வயதில் சகஜம். இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி வாங்கிய மார்க்கை மறந்துவிடுங்கள். அது பரிசோதனையே இல்லை.

பயப்பட வேண்டியது வேறு. திட்டமிடுவது, ஒன்றை முடித்து அடுத்ததற்குப் போவது, தப்பு நடந்தால் திருத்திக்கொள்வது ஆகியவை மூளையின் நிர்வாக வேலைகள். என்னிடம் வந்த ஒருவர் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். பேரப்பிள்ளைகள் பெயரைத் தடுமாறாமல் சொன்னார். ஆனால் ஒரே மின்கட்டணத்தை இரண்டு முறை கட்டியிருந்தார். மாத்திரைப் பெட்டியில் திங்கள் கட்டத்தில் மூன்று நாள் மாத்திரை, செவ்வாய் காலி. அவருக்கு அது உறைக்கவே இல்லை, மகள்தான் அழைத்து வந்தார். இப்படிக் கைப்பழக்கமான வேலையே குழம்புகிறது, அதை வீட்டில் இருப்பவர்கள் கவனித்துச் சொல்கிறார்கள் என்றால் நாள் கடத்தக் கூடாது. தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு என்று சரிசெய்யக்கூடிய காரணமாகவும் இருக்கலாம். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் வந்தால் அன்றே ஆஸ்பத்திரி. வீட்டுக் கணக்கை இன்றும் நீங்கள்தான் பார்க்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறி இல்லை.

எனக்குக் கோபம் வந்தது வேறொரு வரியில். தூக்கத்துக்காக எட்டு மாதமாக நீங்களாகவே வாங்கிப் போடுகிறீர்களே, அந்தப் பழைய வகை அலர்ஜி மாத்திரை! ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் மூளை நம்பியிருக்கும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தையே அது தடுக்கிறது. நிறுத்துங்கள். தூக்கத்துக்கு ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். ஞாபகசக்திக்கு என்று விற்கும் ஜின்கோ மூலிகை மாத்திரையும் வேண்டாம். 75 வயதைத் தாண்டிய மூவாயிரம் பேரில் பாதிப் பேருக்கு அதையும், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரையையும் சுமார் ஆறு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். மறதி நோய் குறையவில்லை என்று 2008-லேயே தெரிந்துவிட்டது.

‘கூட்டத்தில் பேசுவது புரிவதில்லை, அதனால் தோழிகளைப் பார்க்கப் போவதில்லை’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அம்மா, முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-ல் கணக்கிட்டது. காது மந்தமும் தனிமையும் அந்தப் பட்டியலில் உண்டு. நாலு பேர் பேச்சில் ஒருவர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, இடைவெளி பார்த்து, பொருத்தமாகப் பதில் சொல்வது மூளைக்கு நல்ல உழைப்பு. குறுக்கெழுத்து அதற்கு ஈடாகாது. காதுப் பரிசோதனை செய்யுங்கள். கருவி வேண்டும் என்றால் தயங்காமல் போடுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை, முடிந்தால் அந்தத் தோழிகளோடு.

அப்புறம், ரத்த அழுத்தம் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. இந்த வாரமே பாருங்கள்.