அரசு ஒரு இணையதளத்தை 'முடக்குவது' என்றால் என்ன? அந்தத் தளம் அழிந்துவிடுமா?

அழியாது. தளம் அதன் சர்வரில் அப்படியே இருக்கும். உங்களுக்கு வழி காட்ட வேண்டியவர் காட்டமாட்டார், அவ்வளவுதான்.

தளத்தின் பெயரை டைப் செய்ததும் போன் முதலில் அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைக் கேட்கும். பெரும்பாலும் பதில் சொல்வது உங்கள் இணையச் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர். புது ஊரில் டீக்கடையில் வழி கேட்பது போல. "அப்படியொரு வீடே இல்லையே" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் அதுதான் தடை. (வேறு முறைகளும் உண்டு, இதுதான் எளிது.)

இந்தியாவில் இதற்கான அதிகாரம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் இருக்கிறது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உட்பட 59 செயலிகளுக்குத் தடை வந்தது இதன்கீழ்தான். இந்தப் பிரிவுக்கான 2009ஆம் ஆண்டு விதிகள், தடை கேட்டு வரும் புகார்களையும் நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. எனக்கு உறுத்துவது இதுதான்: ஏன் தடுத்தார்கள் என்று கேட்கக்கூட வழி குறைவு.

அதே கடைக்காரர் யார் எந்த வீட்டைக் கேட்டார்கள் என்று நோட்டில் குறித்து வைத்தால்? அது தரவுச் சேகரிப்பு. விபிஎன் (உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு நிறுவனத்தின் சர்வர் வழியாக அனுப்பும் சேவை) போட்டால் நோட்டு வேறு கடைக்குப் போகும், அவ்வளவே.

பிரவுசரின் 'இன்காக்னிட்டோ' (மறைமுக) முறையில் போனால் யாருக்கும் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். அது உங்கள் போனில் பதிவாகும் வரலாற்றைத்தான் அழிக்கும், கடைக்காரரின் நோட்டை அல்ல.