ஜீரோ டர்ன் மோவரைப் பாதுகாப்பாக ஓட்டுவதும் பராமரிப்பதும் எப்படி?

கேள்வி: வட கரோலினாவில் சார்லட் நகரத்துப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கிறோம். முந்தைய உரிமையாளர் தன் ஜீரோ டர்ன் மோவரையும் (நின்ற இடத்திலேயே திரும்பும், உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி) விலை பேசி எங்களிடமே விட்டுப் போய்விட்டார். புல் வெட்டிப் பழக்கமே இல்லை. நிலத்தின் பின்பகுதி சரிவாக இறங்கி ஓர் ஓடையில் முடிகிறது. எப்படி ஓட்டுவது, என்னென்ன பராமரிப்பு செய்வது?

பதில்:

உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த ஓடைதான். மற்றதெல்லாம் பழகிவிடும். சரிவும் அதன் அடியில் தண்ணீரும் இருக்கிற இடத்தில் இந்த வண்டியை எப்படி ஓட்டுவது என்று கேட்டால், பெரும்பாலும் ஓட்ட வேண்டாம் என்றுதான் சொல்வேன். நான் இருப்பது ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்கு வடக்கே. சிவப்புக் களிமண், பெர்முடா புல், ஒரு ஏக்கர் சொச்சம். பல வருடங்களாக இதே வகை வண்டிதான்.

முதலில் வண்டி எப்படி ஓடுகிறது என்று புரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான ஜீரோ டர்ன்களில் ஸ்டியரிங் கிடையாது. காரில் இருப்பது போல மிதித்து நிறுத்தும் பிரேக்கும் கிடையாது, பார்க்கிங் பிரேக் மட்டும்தான். பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஹைட்ரோ பம்ப், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் பம்ப். இடது லீவர் இடது சக்கரத்துக்கு, வலது லீவர் வலது சக்கரத்துக்கு. மாட்டு வண்டியை இடப்பக்கம் திருப்ப இடது மாட்டை இழுத்துப் பிடித்து வலது மாட்டை முடுக்குவார்களே, அதே கணக்கு. முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள் இரண்டும் போகிற பக்கம் சும்மா திரும்பிக்கொள்ளும். எதையும் பிடித்து நிறுத்தாது.

ஆக, திரும்புவது, வேகம் குறைப்பது, நிற்பது மூன்றும் பின்டயர் தரையைப் பிடிப்பதை நம்பித்தான் இருக்கின்றன. அந்தப் பிடி விட்டால் மூன்றும் ஒரே சமயத்தில் போய்விடும். ஸ்டியரிங் வைத்த லான் டிராக்டரில் பின்சக்கரம் வழுக்கினாலும் முன்சக்கரம் கொஞ்சமாவது திருப்பும். இதில் அந்தப் பேச்சே இல்லை. சரிவில் இறங்கும்போது எடை முன்பக்கம் சாய்ந்து பின்டயர் லேசாகும். அதோடு புல்லும் ஈரமாக இருந்தால், லீவரை என்ன செய்தாலும் வண்டி தன் இஷ்டத்துக்குச் சறுக்கிக்கொண்டு போகும். உங்கள் இடத்தில் அது போய் நிற்கும் இடம் ஓடை.

சரிவு எவ்வளவு என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அளந்துவிடுங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 15 டிகிரிக்கு மேல் ஓட்டவே கூடாது என்கிறார்கள். சில வீட்டு மாடல்களுக்கு 10 டிகிரிதான் வரம்பு. 4 அடி நீளப் பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் தரையில் வைத்து, ரசமட்டம் போட்டு மட்டமாகப் பிடியுங்கள். மறுமுனைக்கும் தரைக்கும் இடைவெளி எட்டரை அங்குலம் இருந்தால் 10 டிகிரி. 13 அங்குலம் இருந்தால் 15 டிகிரி. போனில் இருக்கும் லெவல் செயலியை அந்தப் பலகை மேல் வைத்து, பலகையைச் சரிவோடு படுக்க வைத்தும் பார்க்கலாம். பலர் 8 டிகிரி இருக்கும் என்று நினைக்கும் இடம் அளந்தால் 14 காட்டும். வரம்புக்கு உள்ளே இருந்தாலும் காலைப் பனி காய்வதற்கு முன்போ, மழை பெய்த மறுநாளோ அங்கே போகாதீர்கள்.

சரிவில் திடீரென்று கிளம்புவது, நிற்பது, திரும்புவது எதுவும் வேண்டாம். டயர் வழுக்குகிறது என்று தெரிந்தால் உடனே பிளேடை நிறுத்திவிட்டு, நேராகக் கீழ்நோக்கி மெதுவாக இறங்கச் சொல்கின்றன கையேடுகள். அப்படி இறங்க உங்களுக்கு இடம் வேண்டுமே! அதனால்தான் ஓடைக்கரை, தடுப்புச் சுவர் விளிம்பு, குளக்கரை இங்கெல்லாம் குறைந்தது வண்டியின் இரண்டு அகலம் தள்ளி நிற்பது. அந்த மிச்சப் பட்டையைத் தள்ளும் மோவராலோ கையில் பிடிக்கும் டிரிம்மராலோ வெட்டிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் ஓடையோரம் புல்லே வேண்டாம். அந்த மண்ணுக்கு ஏற்ற செடிகொடிகளை வளரவிட்டால் கரையும் அரிக்காது, வாரா வாரம் அந்தப் பக்கம் போகிற வேலையும் இல்லை.

இருக்கைக்குப் பின்னால் வளைவான இரும்புக் கம்பி இருக்கிறதா பாருங்கள். வண்டி கவிழ்ந்தால் உங்களைக் காப்பது அதுதான். அது நிமிர்ந்து பூட்டியிருக்கும்போது சீட் பெல்ட் கட்டாயம். மடக்கியிருக்கும்போது பெல்ட் போடக் கூடாது, ஏனென்றால் கவிழ்ந்தால் உங்களை வண்டியோடு சேர்த்து அடியில் பிடித்து வைத்துவிடும். மரக்கிளை இடிக்கிறது என்று மடக்கிவிட்டு அப்படியே மறந்துபோவது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது.

ஓட்டிப் பழக, பிளேடைப் போடாமல் சமதளத்தில் ஆரம்பியுங்கள். லீவர்கள் ரொம்ப நுணுக்கமானவை. புதிதாக உட்கார்ந்தவர்கள் இறுக்கிப் பிடித்துத் தள்ளுவார்கள், வண்டி குதிக்கும், உடம்பு பின்னால் சாயும், கையும் சேர்ந்து பின்னால் வரும், வண்டி மறுபடி குதிக்கும். விரல் நுனியால் பிடித்து, கட்டைவிரலைத் தொடையில் ஊன்றிக்கொண்டால் இந்த ஆட்டம் நின்றுவிடும். நேராகப் போக, தூரத்தில் ஒரு மரத்தையோ கம்பத்தையோ பார்த்து ஓட்டுங்கள். வரிசை முடிவில் ஒரு சக்கரத்தை நிறுத்தி மற்றதைச் சுற்றினால் நின்ற டயர் புல்லை வேரோடு அரைத்துவிடும். இரண்டு சக்கரமும் எப்போதும் உருண்டுகொண்டே இருக்கட்டும். கொஞ்சம் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் என்று மூன்று அசைவில் திருப்பினால் புல் தப்பிக்கும். வெட்டும்போது எஞ்சின் முழு வேகத்தில் இருக்க வேண்டும். புல் அடர்த்தியாக இருந்தால் வண்டியின் வேகத்தைக் குறையுங்கள், எஞ்சினை அல்ல.

அப்புறம் குழந்தைகள். நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு: பிள்ளை ஆசைப்படுகிறது என்று மடியில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு. ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்த ஊர் நினைப்பு. தயவுசெய்து இதில் செய்யாதீர்கள், பிளேடு ஓடாதபோதும் கூட. கீழே விழும் அபாயம் ஒரு பக்கம். ஒருமுறை ஏற்றிய பிள்ளை, அடுத்த வாரம் மோவர் சத்தம் கேட்டதும் மறுபடி ஏற்றுவார்கள் என்று பின்னாலிருந்து ஓடிவரும் என்பது இன்னொரு பக்கம். சத்தம் கேட்காமலிருக்கக் காதில் மஃப் போட்ட உங்களுக்கு எதுவும் கேட்காது. புல் வெட்டும் நேரம் முழுக்கப் பிள்ளைகள் வீட்டுக்குள், ஒரு பெரியவர் பார்வையில் இருக்கட்டும். பின்னால் எடுக்கும்போது திரும்பிப் பார்த்து, கீழேயும் பார்த்து எடுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் உட்கார்ந்து ஓட்டும் மோவரை ஓட்டக் கூடாது என்கிறது. உங்கள் பையன் எவ்வளவு சமர்த்தாக இருந்தாலும் சரி.

பிளேடு நுனியின் வேகத்துக்கு அமெரிக்கத் தர விதி வைத்திருக்கும் உச்ச வரம்பு நிமிடத்துக்கு 19,000 அடி, அதாவது மணிக்கு சுமார் 347 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அடிபட்ட கூழாங்கல் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஓட்டும் முன் ஒரு நடை நடந்து கல், கிளை, நாய் பொம்மை எல்லாம் பொறுக்கிவிடுங்கள். பக்கவாட்டுத் தடுப்பு மடலைக் கழற்றவோ மேலே கட்டிவைக்கவோ வேண்டாம். கற்பாதையைக் கடக்கும்போது பிளேடை நிறுத்துங்கள். புல் தெறிக்கும் பக்கம் தெரு, பக்கத்து வீடு, உங்கள் காரின் கண்ணாடி இல்லாதபடி சுற்றுங்கள். அந்த நடையிலேயே தரையில் குளவிப் பொந்து இருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் பக்கத்திலும் எங்கள் பக்கத்திலும் ஆகஸ்ட், செப்டம்பரில் மஞ்சள் குளவிக் கூட்டம் மண்ணுக்குள் பெருத்திருக்கும். அதன் மேல் மோவர் ஏறினால் வண்டியை விட்டுக் குதித்து ஓடத் தோன்றும், அதுதான் பெரிய ஆபத்து.

பழைய வண்டி என்பதால், முதல் முறை புல் வெட்டும் முன் இன்னொரு சோதனை. பார்க்கிங் பிரேக் போடாமலோ, பிளேடு சுவிட்சை இழுத்துவைத்தோ சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகக் கூடாது. பிளேடு ஓடும்போது இருக்கையிலிருந்து லேசாக எழுந்தால் எஞ்சின் அணைந்துவிட வேண்டும். அணையவில்லை என்றால் சுவிட்ச் கெட்டிருக்கலாம், அல்லது யாரோ இருக்கைக்கு அடியில் ஒயரை இணைத்து சுவிட்சை ஏமாற்றியிருக்கலாம். மேடு பள்ளத்தில் அடிக்கடி அணைகிறது என்று இப்படிச் செய்வார்கள். புது சுவிட்சுக்குப் பெரிய செலவில்லை, மாற்றிவிட்டு ஓட்டுங்கள்.

இனி பராமரிப்பு. முதலில் டயரில் காற்று, ஏனென்றால் மேலே சொன்ன பிடி முழுக்க அதில்தான். பின்டயர் இரண்டிலும் ஒரே அழுத்தம் இருக்க வேண்டும். எவ்வளவு என்பது உங்கள் மாடலின் கையேட்டில் இருக்கும். காரை விட மிகக் குறைவாகத்தான் இருக்கும், பல மாடல்களில் 10 முதல் 14 பிஎஸ்ஐ. ஒன்று குறைந்திருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் அடிப்பெட்டி) சாய்ந்து புல் ஒரு பக்கம் உயரமும் ஒரு பக்கம் குட்டையுமாக வெட்டுப்படும். லீவரைச் சரிசெய்ய வேண்டும் என்று ஸ்பானரை எடுப்பதற்கு முன் காற்றைப் பாருங்கள். பின்டயரின் பட்டன் தேய்ந்து மொழுமொழுவென்று இருந்தால் அந்தச் சரிவு உங்களுக்கு இல்லவே இல்லை.

பிளேடை ஏறக்குறைய 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை தீட்டலாம். புல் நுனி கிழிந்து வெளுத்துத் தெரிந்தால் அதற்கு முன்பே. கழற்றும் முன் சாவியை எடுத்து, ஸ்பார்க் பிளக் ஒயர்களைப் பிடுங்கி விலக்கி வையுங்கள். இரட்டை சிலிண்டர் எஞ்சினில் இரண்டு இருக்கும், ஒன்றைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். வண்டியைத் தூக்கினால் ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே கை விடக் கூடாது. ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். தடிமனான கையுறை போட்டு, பிளேடு சுற்றாமலிருக்க ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து போல்ட்டைக் கழற்றுங்கள். சவரக்கத்தி மாதிரி கூர் தேவையில்லை. தீட்டியபின் சுவரில் அடித்த ஆணியில் நடு ஓட்டையை மாட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் ராவுங்கள். சமநிலை இல்லாத பிளேடு, அது சுழலும் அச்சின் (ஸ்பிண்டில்) பேரிங்கைத் தின்றுவிடும். மாட்டும்போது வளைந்த இறக்கைப் பக்கம் டெக்கைப் பார்த்து மேலே இருக்க வேண்டும்.

எஞ்சின் ஆயில் பெரும்பாலான எஞ்சின்களுக்கு 100 மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முன்னால் வருகிறதோ அது. முந்தையவர் எப்போது மாற்றினார் என்று தெரியாததால் நீங்கள் இப்போதே மாற்றிவிடுங்கள், வடிகட்டியோடு சேர்த்து. ஹைட்ரோ ஆயிலைத்தான் எல்லோரும் மறப்பார்கள். சில வீட்டு மாடல்களில் அது முழுக்க அடைத்து வந்திருக்கும், தொட வேண்டியதில்லை. மற்றவற்றில் மாற்றியே ஆக வேண்டும். மாற்றியபின் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற ஒரு முறை இருக்கிறது, அதையும் கையேட்டைப் பார்த்தே செய்யுங்கள். சூடானபின் ஒரு பக்கம் மட்டும் வலுக் குறைகிறது என்றால் சந்தேகம் முதலில் இங்கேதான்.

பெட்ரோல் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. பங்க்கில் கொஞ்சம் விலை குறைவாக ‘அன்லெடட் 88’ என்று இருப்பதில் 15% வரை எத்தனால் இருக்கும். மோவர் எஞ்சினுக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூடாது. எஞ்சின் ஆறியபின் மட்டும், வெளியில் நிறுத்தி ஊற்றுங்கள். கேனை பிக்கப் டிரக்கின் பிளாஸ்டிக் விரிப்பு மேல் வைத்தபடி நிரப்பாமல், தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். நிலைமின்சாரப் பொறி ஒன்று போதும்.

வேலை முடிந்ததும் சைலன்சரைச் சுற்றியும் டெக்கின் மேலும் தேங்கிய காய்ந்த புல்லை ஊதிவிடுங்கள். தீப்பிடிப்பது அங்கேதான். சூட்டோடு கராஜுக்குள் தள்ளிப் பூட்ட வேண்டாம், கொஞ்சம் வெளியில் ஆறட்டும். சூடான எஞ்சின் மேல் தண்ணீர் பீய்ச்சாதீர்கள். காற்று வடிகட்டியை அடிக்கடி பாருங்கள், கிரீஸ் நிப்பிள் இருக்கும் இடங்களில் கிரீஸ் கன் வையுங்கள். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

குளிர்காலத்துக்கு முன் டேங்கில் பெட்ரோல் கெடாமலிருக்க ஸ்டெபிலைசர் ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேர சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்துங்கள், ஓடவிடுவது கராஜுக்கு வெளியே. பேட்டரியைக் கழற்றிப் பராமரிப்பு சார்ஜரில் போடலாம். வசந்தத்தில் ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினின் மேல் மூடிக்கு அடியில் எட்டிப் பாருங்கள். எலிகளுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும், கூடு கட்டிக் காற்றோட்டத்தை அடைத்துவிடும்.

மாடல் எண் பெரும்பாலும் இருக்கைக்கு அடியில் ஒரு தகட்டில் இருக்கும், எஞ்சினுக்குத் தனி எண். இரண்டையும் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு தயாரிப்பாளர் தளத்திலிருந்து கையேட்டை இறக்கிக்கொள்ளுங்கள். சரிவை அளந்தபின் எத்தனை டிகிரி என்று கருத்தில் எழுதினால், எதுவரை வெட்டலாம் என்று சேர்ந்து பார்க்கலாம்.