நெஞ்சில் கத்திக்குத்து: நாடி நின்றபின் நெஞ்சைத் திறந்தால் பிழைப்பாரா?

மூதூரிலிருந்து திருகோணமலைக்குக் கொண்டுவரும் வழியில் காயப்பட்டவரின் நாடி நின்றுவிட்டால் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நாடி நின்று எவ்வளவு நேரம் என்பதுதான் முதல் கணக்கு. குத்துக்காயத்தில் நெஞ்சை அழுத்தத் தொடங்கி 15 நிமிடம், வாகன விபத்து அடியில் 10 நிமிடம். அதைத் தாண்டி உயிர்க்குறி எதுவும் இல்லையென்றால் திறந்தும் பலன் இருக்காது. விபத்து அடியில் பிழைப்பவர்கள் மிகமிகக் குறைவு.

அதிக வாய்ப்பு இருப்பது இதயத்தில் ஒரேயொரு குத்து விழுந்தவருக்கு. இதயத்தைச் சுற்றியுள்ள பையில் இரத்தம் தேங்கி அதை நெரிக்கிறது. பெருங்கசிவைக் கொஞ்சம் தடுத்து வைப்பதும் அதே பைதான். இடப்பக்கம் 4ஆம் அல்லது 5ஆம் விலா இடைவெளியில் கீறி, விலாவை விரித்து, பையை நெடுக்காக வெட்டி, இரத்தக்கட்டியை அகற்றி, ஓட்டையை விரலால் அடைப்பார்கள். குறுக்கே வெட்டினால் பக்கத்தில் ஓடும், மூச்சுவிட உதவும் உதரவிதான நரம்பு அறுந்துவிடலாம்.

நாடி இருந்தால் முதலில் நெஞ்சுக்குள் தேங்கிய இரத்தத்தை வெளியேற்றும் நெஞ்சுக்குழாய்தான். போட்டவுடன் 1500 மில்லிலீற்றர் இரத்தம் வந்தாலோ, பிறகும் மணிக்கு 200 மில்லிலீற்றர் வீதம் சில மணிநேரம் தொடர்ந்தாலோ சத்திரசிகிச்சைக் கூடத்தில் திறக்க வேண்டும்.

கத்தி குத்தியபடி நின்றால் தயவுசெய்து பிடுங்காதீர்கள். அசையாமல் துணியால் அணைகட்டி, உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.