வாசகர் கேள்வி – பதில்: ஃபால்டா ஏன் தாம்பரம் ஆகவில்லை?

கேள்வி: தாம்பரத்தில் மெப்ஸ் எனப்படும் ஏற்றுமதி மண்டலத்தில் உள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஏற்றுமதி மண்டலம் 1984-இல் தொடங்கப்பட்டபோதே, கொல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள ஃபால்டாவிலும் ஒரு மண்டலத்தை மத்திய அரசு தொடங்கியது. சட்டமும் வரிச்சலுகையும் இரண்டுக்கும் ஒன்றே. போதாக்குறைக்கு ஃபால்டா ஆற்றின் கரையிலேயே இருக்கிறது. தாம்பரத்துக்கோ ஆறும் இல்லை, கடலும் இல்லை. அப்படியிருந்தும் அந்த மண்டலம் பல ஆண்டுகள் தடுமாறியதற்கு ஆற்றில் ஆழம் இல்லாததே காரணம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது மட்டும்தானா காரணம்?
– வாசகர், சேலையூர்

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பெருமளவு சரி. ஆனால் ஆழம் குறைந்த ஆறு ஒரு தொழிற்சாலையை எந்தெந்த வழியில் வருத்துகிறது என்பதை விரித்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

முதலில் நில அமைப்பைப் பாருங்கள். ஃபால்டா கொல்கத்தாவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தெற்கே, ஹூக்ளியின் கிழக்குக் கரையில் இருக்கிறது. கண்டெய்னர் கப்பல்கள் வந்து நிற்கும் துறைகளோ, ஒன்று வடக்கே கொல்கத்தாவிலும் மற்றொன்று தெற்கே, எதிர்க்கரையில் ஹால்தியாவிலும் இருக்கின்றன. ஹூக்ளியின் குறுக்கே கடலை நோக்கி வரும்போது கடைசியாக உள்ள பாலம் கொல்கத்தாவின் வித்யாசாகர் சேது என்பதால், கண்டெய்னர் ஏற்றிய லாரி ஃபால்டாவிலிருந்து நேரே ஹால்தியாவுக்குக் கடந்து செல்ல வழியில்லை. ஆகவே சரக்கு டயமண்ட் ஹார்பர் சாலையின் நெரிசலில் வடக்கே போய், கொல்கத்தாவில் கப்பலேறி, தான் உற்பத்தியான ஊரைத் தாண்டி மறுபடியும் தெற்கே கடலுக்கு மிதந்து வரவேண்டியிருக்கிறது. ஆற்றங்கரையில் இருப்பது வேறு, துறைமுகத்தில் இருப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஊர் நம் நாட்டில் இல்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்தது கப்பல். கடல்முகத்திலிருந்து கொல்கத்தா கப்பல்துறையை அடைய ஒரு கப்பல், ஆற்றின் வளைவுகளையும் மணல் திட்டுகளையும் அறிந்து கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டின் துணையுடன் 200 கிலோமீட்டருக்கும் மேல் வரவேண்டும். வழியில் உள்ள திட்டுகளைக் கடக்க ஓதம் (கடல் நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) ஏறும் வரை காத்திருக்க வேண்டும். வந்து சேர்ந்த பிறகும், ஆற்றின் நீர்மட்டம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குவதால், நீர்மட்டத்தைச் சமன்செய்யும் லாக் கேட் என்ற வாயில் வழியாகத்தான் கப்பல்துறைக்குள் நுழைய முடியும். அந்த வாயிலின் அகலத்துக்குள் அடங்காத கப்பலுக்கு அங்கே இடமே இல்லை. இத்திட்டுகளில் பேர்போன ஒன்று ஃபால்டாவுக்கு அருகிலேயே, தாமோதர் நதியும் ரூப்நாராயண் நதியும் ஹூக்ளியில் கலக்கும் இடங்களுக்கு நடுவே இருக்கிறது. 1694-இல் அங்கே மூழ்கிய கப்பலின் பெயரால் அது இன்றும் ‘ஜேம்ஸ் அண்ட் மேரி’ என்றே அழைக்கப்படுகிறது. மண்டலம் அமைத்தவர்களுக்கு அந்த ஆற்றின் குணம் புதிய செய்தி அல்ல.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். 180 மீட்டர் நீளமும் 28 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு நடுத்தரக் கப்பல், நீர்மட்டத்தில் ஏறத்தாழ 4,100 சதுர மீட்டர் பரப்பை அடைத்துக்கொண்டு மிதக்கும். அது ஒரு மீட்டர் கூடுதலாக நீரில் இறங்க ஏறக்குறைய 4,200 டன் சரக்கு ஏற்ற வேண்டும். திருப்பிச் சொன்னால், ஆற்றில் ஒரு மீட்டர் ஆழம் குறையும்போது அந்தக் கப்பல் 4,200 டன்னைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போக நேரிடுகிறது. பெட்டிக்குச் சராசரியாக 12 டன் என்று வைத்துக்கொண்டால், அது 350 கண்டெய்னர்களின் இடம். கப்பலின் எரிபொருள், மாலுமிகளின் சம்பளம், பைலட் கட்டணம், துறைமுகக் கட்டணம் ஆகிய எவையும் அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆகவே மீதமுள்ள பெட்டிகள் அத்தனையும் அந்தச் செலவைச் சுமக்கின்றன.

நெடுந்தூரக் கடல்வழிகளில் ஓடும் பெரிய தாய்க்கப்பல்களுக்கு 14, 15 மீட்டர் ஆழம் வேண்டும். 7, 8 மீட்டர் ஆழத்துக்கே போராடும் ஓர் ஆற்றுக்குள் அவை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எனவே கொல்கத்தாவில் ஏற்றும் பெட்டி, ஃபீடர் எனப்படும் சிறிய இணைப்புக் கப்பலில் கொழும்புக்கோ சிங்கப்பூருக்கோ மலேசியாவின் போர்ட் கிளாங்குக்கோ போய், அங்கே இறக்கப்பட்டு, தாய்க்கப்பலுக்காகக் காத்திருக்கிறது. ஃபீடர் ஓர் ஓதத்தைத் தவறவிட்டால், அந்த வாரத்துத் தாய்க்கப்பலையும் பெட்டி தவறவிடலாம். ஆடைத் தொழிலில் இருந்த உங்களுக்கு இதன் பொருள் தெரியும்: வாங்குபவர் தள்ளுபடி கேட்பார், அல்லது சொந்தச் செலவில் சரக்கை விமானத்தில் அனுப்பச் சொல்வார், எது நடந்தாலும் அந்த ஆர்டரில் லாபம் என்று ஒன்று மிஞ்சாது.

ஏற்றுமதி மண்டலத்துக்கு இந்தத் துன்பம் இரட்டிப்பாகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெளிநாட்டு மூலப்பொருளைத் தீர்வையின்றிக் கொண்டுவந்து, பொருளாக்கித் திருப்பி அனுப்புவதுதான் மண்டலத்தின் அடிப்படை. ஆகவே அதே ஆற்றை ஒவ்வொரு பொருளும் இருமுறை கடக்கிறது. ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள மூலப்பொருள் வழியில் ஒரு வாரம் கூடுதலாகத் தங்கினால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ஏறத்தாழ 23,000 ரூபாய் போகிறது. திரும்பும் வழியில் இன்னொரு வாரம் தங்கினால் அதே அளவு மறுபடியும் போகிறது. கப்பல் எப்போது வரும் என்ற உறுதி இல்லாததால் கிடங்கில் கூடுதலாக வாங்கி அடுக்கும் இருப்பை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

சலுகையின் மதிப்பு காலப்போக்கில் தேய்ந்ததும் ஒரு பெரிய காரணம். 1981 முதலே, நூறு சதவீத ஏற்றுமதி நிறுவனம் என்ற திட்டத்தின் கீழ், நாட்டின் எந்த ஊரில் இருக்கும் தொழிற்சாலையும் மண்டலத்துக்கு உரிய சலுகைகளில் பெரும்பகுதியைப் பெற முடிந்தது. 1991-இல் 150 சதவீதமாக இருந்த உச்ச இறக்குமதித் தீர்வை, 2007-இல் வேளாண்மை அல்லாத பொருள்களுக்கு 10 சதவீதமாக இறங்கிவிட்டது. தீர்வை மலைபோல் இருந்த காலத்தில் தீர்வை விலக்கு என்பது பெரும் வரம்; தீர்வையே இறங்கிய பிறகு, நல்ல துறைமுகமும் விமான நிலையமும் அருகில் இருப்பதே வரமாகிவிட்டது. தாம்பரத்துக்கு இரண்டும் வாய்த்தன. ஜி.எஸ்.டி. சாலையில் சற்றுத் தூரம் வந்தால் மீனம்பாக்கம்; நகரின் மறுகோடியில், 13 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கண்டெய்னர் கப்பல்கள் நிற்கும் சென்னைத் துறைமுகம்; பின்னாளில் எண்ணூரும் காட்டுப்பள்ளியும் சேர்ந்துகொண்டன. கணினி மென்பொருள் நிறுவனங்கள் மெப்ஸுக்குள் வந்தபோது கப்பலே தேவைப்படாத ஏற்றுமதியும் கிடைத்தது.

நம் ஊரில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. இராயபுரம் ஜீரோ கேட் பக்கம் கண்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று காத்துக் கிடந்ததை வடசென்னையில் வாழ்பவர்கள் அறிவார்கள். கடலில் ஆழம் இருந்தும் கரையில் சாலை இல்லாவிட்டால் அதுவும் ஒரு மணல் திட்டுதான்.

ஒருமுறை சரக்கு குறைந்தால் அந்தக் குறைவே அடுத்த குறைவை வளர்க்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிகள் குறைவாக இருக்கும் துறைக்குக் கப்பல் நிறுவனம் வாரம் மூன்று சேவையை ஒன்றாக்கும். சேவை குறைந்தால் புதிய தொழிற்சாலை வரத் தயங்கும். வராவிட்டால் பெட்டி இன்னும் குறையும். மண்டலத்தை நடத்துவது வர்த்தக அமைச்சகம், துறைமுகத்தை நடத்துவது துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து, நீர்வழிகள் அமைச்சகம் என்று பிரிந்திருக்கும்போது, இந்தச் சுழலை ஓரிடத்தில் நின்று அறுக்கும் பொறுப்பு யாருக்கும் தெளிவாக இல்லாமல் போகிறது.

கேள்வி: ஆற்றில் மணல் சேர்ந்தால் தூர்வாரி ஆழப்படுத்திவிடலாமே? இத்தனை ஆண்டுகளில் அதைச் செய்யாமல் விட்டார்களா?
– வாசகர், இராயபுரம்

பதில்: செய்யாமல் விடவில்லை, ஆண்டுதோறும் பெரும் பொருட்செலவில் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஹூக்ளியில் ஓதத்தின் ஏற்றம் வேகமாகவும் குறுகிய நேரத்திலும் பாய்கிறது. வற்றம் மெதுவாக, நெடுநேரம் இறங்குகிறது. வேகமான நீர் கடல்முகத்திலிருந்து மணலை மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. மெதுவாக இறங்கும் நீருக்கு அதைத் திருப்பி எடுத்துச் செல்லும் வலிமை இல்லை. மழைக்காலத்தில் மேலிருந்து வரும் வெள்ளம் அந்த வேலையைச் செய்துவந்தது. கங்கையின் பெரும்பகுதி நீர் பல நூற்றாண்டுகளாகக் கிழக்கே பத்மாவின் வழியாகத் திரும்பிவிட்டதால், கோடையில் ஹூக்ளிக்கு அந்த உதவி கிடைப்பதில்லை.

அதற்காகவே மேற்கு வங்கத்தின் ஃபராக்காவில் கங்கையின் குறுக்கே தடுப்பணை கட்டி, 38 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வெட்டி, விநாடிக்கு 40,000 கன அடி நீரை ஹூக்ளிக்குத் திருப்பத் திட்டமிட்டு, 1975-இல் அதைத் தொடங்கி வைத்தார்கள். ஆனால் கங்கை இரண்டு நாடுகளின் ஆறு. 1996-இல் வங்கதேசத்துடன் 30 ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, ஜனவரி முதல் மே வரை பத்து நாளுக்கு ஒருமுறை கணக்கிட்டு நீரைப் பங்கிடுகிறார்கள். ஆற்றுக்கு நீர் மிகவும் தேவைப்படும் மாதங்களும் அவையே. அண்டை நாட்டு உழவரின் பங்கைப் பிடுங்கித் துறைமுகத்தை ஆழப்படுத்துவது நியாயமும் ஆகாது. கிடைத்த நீர் ஆற்றின் மேற்பகுதிக்கும் உவர்ப்பைக் குறைக்கவும் உதவியதே தவிர, கடல்முகத்துத் திட்டுகளை அகற்றும் அளவுக்குப் போதவில்லை. கொல்கத்தாவுக்கு மாற்றாக 1977-இல் திறக்கப்பட்ட ஹால்தியாவும் இதே சிக்கலில் மாட்டிக்கொண்டது. நிலக்கரி ஏற்றிவரும் கப்பல்கள் பாரதீப்பிலோ விசாகப்பட்டினத்திலோ பாதியை இறக்கிவிட்டு, இலகுவான பிறகே ஹால்தியாவுக்கு வருவது வழக்கமாயிற்று.

நீங்கள் இராயபுரத்திலிருந்து கேட்டிருப்பதால் ஒன்று நினைவூட்டலாம். சென்னைத் துறைமுகமும் மணலோடு போராடிப் பிழைத்ததுதான். 1876-இல் கட்டத் தொடங்கிய அலைதடுப்புச் சுவர்கள் 1881 புயலில் சிதைந்தன. கிழக்கு நோக்கி இருந்த பழைய வாயிலில் மணல் சேர்ந்ததால், துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதை மூடி வடகிழக்கில் புதிய வாயில் திறந்தார்கள். தெற்கே தங்கிய மணல் மெரினாவை அகலமாக்கியது; வடக்கே மணல் வராமல் உங்கள் பகுதிக் கரை அரிக்கப்பட்டது, அதன் துன்பத்தை மீனவக் குடும்பங்கள் தாங்கின. ஆனால் இங்கே மணல் ஒரே பக்கத்திலிருந்து கரையோரமாக வருகிறது. வாயிலை மாற்றி அதைச் சமாளிக்க முடிந்தது. நூறு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஆற்றுப்பாதையில் ஓரிடத்தில் வாரினால் மற்றோரிடத்தில் சேர்கிறது. வாரியதை அருகிலேயே கொட்டினால் அடுத்த ஓதத்தில் திரும்பி வருகிறது. அதனால் தூர்வாருதல் அங்கே ஆண்டுதோறும் கட்டவேண்டிய வாடகை போன்றது.

கேள்வி: வங்கதேசத்தின் சிட்டகாங்கும் கர்ணபுலி ஆற்றுத் துறைமுகம்தானே? அங்குள்ள ஏற்றுமதி மண்டலம் எப்படிச் செழிக்கிறது?
– கல்லூரி மாணவி, குரோம்பேட்டை

பதில்: மிகச் சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். சிட்டகாங் மண்டலம் 1983-இல் தொடங்கியது. நீண்ட காலம் 9.5 மீட்டர் மிதவை ஆழத்துக்கும் (கப்பல் நீரில் அமிழும் ஆழம்) 190 மீட்டர் நீளத்துக்கும் மேற்பட்ட கப்பல்களை அத்துறையில் அனுமதித்ததில்லை. அங்கிருந்தும் ஃபீடர் கப்பல்தான் போகிறது. ஆனாலும் துறைமுகம் கடல்முகத்துக்கு மிக அருகில் இருப்பதால் கப்பல் ஓர் ஓதத்திலேயே உள்ளே வந்துவிடும். மண்டலமும் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எல்லாவற்றையும்விட, நாட்டின் ஆடை ஏற்றுமதி முழுவதும் பெரும்பாலும் அந்த ஒரே வாயில் வழியே போவதால், ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்டெய்னர்கள் அங்கே சேருகின்றன. அவ்வளவு சரக்கு இருக்கும் இடத்துக்குச் சிறிய கப்பல்களாயினும் அடிக்கடி வரும். ஐரோப்பியச் சந்தையில் வங்கதேசத்துக்குக் கிடைத்த தீர்வையற்ற அனுமதி, கூடுதல் கப்பல் செலவை ஈடுகட்டியது. குறைந்த கூலியில் உழைத்த இலட்சக்கணக்கான பெண்களும் அந்தச் செலவைச் சுமந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. அப்படிச் செழித்த நாடே இன்று மாதர்பாரியில் ஆழ்கடல் துறைமுகம் கட்டுகிறது என்றால், ஆழமின்மைக்கு அவர்கள் எவ்வளவு விலை கொடுத்திருப்பார்கள் என்று கணித்துக்கொள்ளலாம்.

கேள்வி: அம்பத்தூரில் சிறிய வார்ப்புத் தொழிற்சாலை நடத்துகிறேன். வேறொரு மாநிலத்தில் ஆற்றுத் துறைமுகத்தின் அருகே உள்ள மண்டலத்தில் மிகக் குறைந்த குத்தகைக்கு மனை தருகிறார்கள். போகலாமா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: நகையோ மின்னணுப் பொருளோ செய்பவராக இருந்தால், துறைமுகத்தை மறந்துவிட்டு விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்க்கச் சொல்லியிருப்பேன்; மும்பை சாந்தாகுரூஸ் மண்டலம் 1973-லிருந்து அப்படித்தான் வளர்ந்தது. வார்ப்பு இரும்பு விமானத்தில் போகாது. உங்களுக்குக் கப்பல்தான் வழி, அதுவும் பெட்டியில் எடை முழுதாக ஏறினால்தான் கட்டுபடியாகும். ஆழம் குறையும்போது கப்பல்காரர் முதலில் கீழே விட்டுச் செல்லும் பெட்டியும் எடை மிகுந்த பெட்டியாகவே இருக்கும்.

துறைமுகத்தார் தரும் ஆழம் எத்தனை மீட்டர் என்பதைவிட, கடந்த ஆண்டில் எத்தனை நாள் அந்த ஆழம் கிடைத்தது என்று கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை ஃபீடர் வருகிறது, அது எந்தத் தாய்க்கப்பலைப் பிடிக்கிறது என்பதை மண்டல அலுவலகத்தில் கேட்பதைவிட, அந்த ஊரில் கிளியரிங் ஏஜென்டாக இருக்கும் இருவரிடம் தனித்தனியே கேட்பது நல்லது. கடலோரத் துறைமுகம் ஒன்றுக்கு அங்கிருந்து இரயிலில் பெட்டி போக வழி உண்டா என்றும் விசாரியுங்கள். அது இருந்தால் கணக்கு மாறலாம். மழைக்காலத்தில் கரை தளும்ப ஓடும் ஆற்றைப் பார்த்துவிட்டுக் குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். மார்ச் மாதத்தில் ஒருமுறை போய், கடல்முகத்தில் கப்பல்கள் எத்தனை நாள் நங்கூரமிட்டுக் காத்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு வாருங்கள்.