அமேசான் காடும் மழையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மழையால் காடு வளர்கிறதா, காட்டால் மழை பெய்கிறதா?

பதில்: அமேசானைப் பொறுத்தவரை இரண்டும் உண்மை. அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கிழக்கு ஓரத்தில் பொழியும் நீரை வேர்கள் உறிஞ்சி, இலைகள் வழியே நீராவியாகக் காற்றுக்கே திருப்பித் தருகின்றன. அந்த ஈரம் மேற்கே நகர்ந்து மறுபடியும் மழையாகிறது. 1970-களில் பிரேசில் அறிவியலாளர் எனியாஸ் சலாத்தி, அமேசான் முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள பெலெம் நகரிலிருந்து மேற்கே பல இடங்களில் பெய்த மழைநீரின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை (எடையில் வேறுபடும் ஆக்சிஜன் அணு வகைகளை) ஒப்பிட்டார். கனமான ஆக்சிஜன் உள்ள நீர் முதலில் மழையாக விழுந்துவிடும். கடலின் ஈரம் மட்டுமே மழையாகியிருந்தால், உள்நாட்டுக்குச் செல்லச் செல்லக் கனமான ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்திருக்க வேண்டும். அந்த அளவுக்கு அது குறையவில்லை. ஏறத்தாழப் பாதி மழை காடு திருப்பித் தந்த நீர் என்று அவரது குழு கணித்தது. பிற்கால மதிப்பீடுகள் சில இதைவிடக் குறைவு என்றாலும், அடிப்படை உண்மை மாறவில்லை.

கேள்வி: காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கினாலும் பசுமை இருக்கத்தானே செய்கிறது?

பதில்: வேறுபாடு மண்ணுக்கடியில் இருக்கிறது. கிழக்கு அமேசானின் பாராகோமினாஸ் பகுதியில் மரவேர்கள் 8 மீட்டருக்கும் கீழே இறங்கியிருப்பதை 1990-களில் ஆய்வாளர்கள் கண்டார்கள். மழையற்ற மாதங்களிலும் காடு பசுமையாக நின்று நீராவியை வெளியிடுவது அந்த ஆழத்து நீரால்தான். புல்லின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணோடு நின்றுவிடுவதால், கோடையில் புல் காய்கிறது. நீரை ஆவியாக்கச் செலவாக வேண்டிய வெயில் நிலத்தையும் காற்றையும் சூடாக்குகிறது. மாடுகள் மிதித்து இறுகிய மண்ணில் மழைநீரும் எளிதில் இறங்குவதில்லை.

கேள்வி: மரங்களை வெட்டிய பின் எங்கள் ஓடையில் நீர் கூடியதே?

பதில்: கூடலாம். மரங்கள் உறிஞ்சாத நீர் ஓடைக்கு வருகிறது. சிறிய வெட்டவெளிகளின் மேல் மேகம்கூடச் சற்று அதிகமாகத் திரளலாம். இதை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது ஆபத்தானது. அழிப்பு பெரும்பரப்பில் நடக்கும்போது காற்று செல்லும் திசையில் மழை குறைகிறது. தென்மேற்கு அமேசானிலுள்ள ரொண்டோனியா மாநிலத்தில் மழைக்காலம் தாமதமாகத் தொடங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரே மழைக்காலத்தில் முதலில் சோயாவும் பின்னர் மக்காச்சோளமும் எடுக்கும் மத்திய பிரேசில் விவசாயிக்கு, மொத்த மழையளவைவிட மழை எப்போது தொடங்குகிறது என்பதே பெரிது.

கேள்வி: 2014-இல் சாவோ பாவ்லோவின் வறட்சிக்குக் காடழிப்பே காரணமா?

பதில்: அது மட்டுமே காரணம் என்று கூற இயலாது. ஆண்டீஸ் மலைத்தொடர் தெற்கே திருப்பிவிடும் அமேசான் ஈரம் தென்கிழக்கு பிரேசிலுக்கும் செல்வது உண்மை. ஆனால் அந்த ஆண்டில் அகலாமல் நிலைத்து நின்ற உயர் காற்றழுத்தமே அந்த ஈரத்தை உள்ளே வரவிடாமல் தடுத்த நேரடிக் காரணம்.